லுங்கிக்கு ஏது பெல்ட்

எங்கள் வகுப்பில் 'பாவம்' என்ற சொல்லுக்குத் தடை உண்டு. வாய் தவறிச் சொன்னவர் அன்று மாலை வகுப்பு முழுவதற்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். சட்டம் போட்டவள் நான். அதில் அடிக்கடி மாட்டிக்கொண்டவளும் நான்தான் என்பதை ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சமோசா போடுகிறவரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். வீடு சத்துவாச்சாரியில். காலையில் காட்பாடிக்கு ஓடி, ஜோலார்பேட்டை பக்கம் போகிற வண்டியைப் பிடித்து, ஆம்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்குப் போவேன். பையன்கள் மட்டும் படிக்கிற கல்லூரி. சில வருடங்களுக்கு முன்னால் தன்அனுபவக் கட்டுரை என்று ஒரு தாளைப் புதிதாகச் சேர்த்தார்கள். எங்கள் துறையில் யாரும் அதைத் தொடவில்லை. "உங்களுக்குத்தான் மேடம் இதெல்லாம் சரிப்பட்டு வரும்" என்று துறைத்தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். பாராட்டுகிற மாதிரியே ஒரு வேலையைத் தள்ளிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

சரி, தலையில் விழுந்ததை ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்து யோசித்தேன். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் மீசை அரும்பின பையன்கள். ஆண்கள் தங்கள் காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அடி வாங்கி வளர்ந்தவர், அழுததற்காகக் கேலி செய்யப்பட்டவர், அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொண்டவர் என்று பலர் எழுதியிருந்தார்கள். பத்திரிகைகளிலும் இணையத்திலும் தேடித் திரட்டி நகல் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் கட்டுரையை ஒருவன் உரக்கப் படித்து முடித்தான். "இன்னா தோணுது?" என்று கேட்டேன்.

"பாவம் மேடம்" என்றான் முன்வரிசைக்காரன்.

"நீ?"

"ரொம்ப பாவம் மேடம்."

அவ்வளவுதான். வகுப்பு முழுக்கத் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கியது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாவம் என்று சொல்லிவிட்டால் படிக்கிற வேலை அதோடு முடிந்துவிடுகிறது. ஒரு மனிதர் தன் வேதனையை உட்கார்ந்து, சொல் தேடி, அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார். அவருக்கு நாம் செய்கிற மரியாதை உச்சுக்கொட்டுவதா, இல்லை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதா? அன்றைக்கே சமோசாச் சட்டம் அமலுக்கு வந்தது.

கரும்பலகையில் கேள்விகளை எழுதிப் போட்டேன். எதை முதலில் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? எந்த இடத்தில் நம்மை அழவைக்கப் பார்க்கிறார்? இந்தக் கட்டுரையில் யாருக்கு வாய் இல்லை? இவற்றோடு ஒரு நிபந்தனையும் வைத்தேன்: எழுத்தைக் கேள்வி கேட்கலாம், எழுதியவரைக் கேட்கக்கூடாது. அடி வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் அதை நாம் சந்தேகப்பட மாட்டோம். அதை நம்மிடம் எப்படிச் சொல்கிறார் என்பது மட்டும்தான் நம் பாடம்.

கொஞ்ச நாள் தடுமாறினார்கள். பிறகு பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், அப்பப்பா! கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளைகள். தோல் கம்பெனி, ஷூ கம்பெனி, பிரியாணிக் கடை, ரயில்வே என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தொழில். வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஆந்திர எல்லைப் பக்கத்துப் பையனாக இருந்தால் கொஞ்சம் தெலுங்கு. ஒருவன் பேச்சில் எங்கே மசாலா ஜாஸ்தி என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. "இந்த எடத்துல மழை எதுக்கு மேடம்? அழுவாச்சி வர்றப்பெல்லாம் மழை பெய்யுதே" என்பான் ஒருவன். "அம்மாவ பத்தி ரெண்டு பக்கம் எழுதிக்கிறாரு, அம்மா ஒரு வார்த்த பேசல" என்பான் இன்னொருவன்.

வகுப்பில் ஒரு வாயாடி இருந்தான். அவன் அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருந்தார், வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஒரு நாள் ஒரு கட்டுரை படித்தோம். கொடுமைக்கார அப்பாவை எதிர்த்து வீட்டை விட்டு ஓடிய மகன், வளர்ந்து திரும்பி வந்து, தள்ளாத வயதில் இருக்கிற அந்த அப்பாவின் காலில் விழுந்து அழுகிறார். அதோடு முடிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, 'பாவம்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது வாயாடி கையைத் தூக்கினான்.

"மேடம், இவரு யார் கால்ல விழறாரு?"

"அப்பா கால்லதான். ஏன்?"

"அது வூட்ல நடந்தது மேடம். அத எழுதி நமக்கு எதுக்கு குடுக்கறாரு? 'பரவால்ல, எழுந்திருப்பா'ன்னு நாம சொல்லணும். நம்ம கால்லதான் விழறாரு."

இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்து எனக்குத் தோன்றாத ஒன்றை, பின்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அந்தப் பையன் சொல்கிறான். அன்று ரயிலில் வீடு திரும்புகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கட்டமாக அவர்களையே எழுதச் சொன்னேன். பெயர் போடாமல் தட்டச்சு செய்து வகுப்பில் கொடுப்பேன், யார் எழுதியது என்று எனக்கு மட்டும் தெரியும். எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு துறைத்தலைவர் வந்து ஓர் அறிவிப்பு செய்தார். வகுப்பு தேர்ந்தெடுக்கும் கட்டுரையை எழுதியவனே துறை விழாவில் பெற்றோர்கள் முன்னால் படிக்க வேண்டுமாம். பையன்கள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு வந்த கட்டுரைகளில் ஒன்று மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டது. எழுதியவன் வாயாடிக்குப் பக்கத்தில் உட்காருகிற பையன், அவனுடைய தோஸ்த். நெட்டையாக இருப்பான், கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டான். அவன் கட்டுரையில் அப்பா குடித்துவிட்டு வருகிறார். பெரிய மீசை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவை உதைக்கிறார். குறுக்கே விழுந்த அம்மாவைத் தள்ளிவிட்டு, இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவி மகனை விளாசுகிறார். மதிப்பெண்ணை வாரிக் கொடுத்துவிட்டு, வகுப்பில் அலச அதைத்தான் முதலில் எடுத்தேன்.

ஒருவன் உரக்கப் படித்து முடித்தான். எனக்கு உள்ளூரப் பெருமை. பிறகு வாயாடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், லுங்கிக்கு ஏது பெல்ட்டு?"

வகுப்பு ஒரு நொடி யோசித்தது. பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு!

"எங்க தாத்தா பச்ச பெல்ட் போடுவாருடா லுங்கி மேல" என்றான் ஒருவன்.

"அதுல காசு வெச்சிருப்பாரு. அதால அடிச்சா சில்லறதான் கொட்டும்" என்றான் வாயாடி.

"ஆம்பூர்ல பெல்ட்டுக்கா பஞ்சம்?"

"கம்பெனில இருக்குது, இவரு இடுப்புல எப்டி வந்திச்சு?"

நான் மேசையைத் தட்டி அடக்கினேன். நெட்டைப் பையனைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் எழுந்து நிதானமாகச் சொன்னான்: "இந்த அப்பா நாம படிச்ச மத்த கட்டுரைங்கள்ல வந்த அப்பா மேடம். அதே மீச, அதே குடி, அதே பெல்ட். அங்க பேண்ட் போட்டுக்கினு இருந்தாரு, இங்க வந்து லுங்கிக்கு மாறிட்டாரு." எனக்கு நறுக்கென்றது. உண்மைதான். நான் நகல் எடுத்துக் கொடுத்த கட்டுரைகளிலிருந்து கிளம்பி வந்த அப்பாவுக்குத்தான் நான் மதிப்பெண்ணை வாரி இறைத்திருந்தேன்.

பாடத்தை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று வாய் திறந்தேன். வாயாடி விடவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம். ரெண்டாவது பக்கம் பாருங்க. பெல்ட்ட உருவிக்கினு வர்றாரு. அப்போ சட்டில வெங்காயம் கருகுற வாசன வருது. இவரு ஓடிப் போயி ஸ்டவ்வ ஆஃப் பண்ணிட்டு வர்றாரு. அடிக்க வர்றவரு இன்னாத்துக்கு ஸ்டவ் ஆஃப் பண்றாரு? அம்மாதான் அங்க கீழ கெடக்கறாங்களே, அப்போ சமைச்சிக்கினு இருந்தது யாரு?"

எல்லோரும் அந்த வரியைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஒரு வரி மட்டும் நெசம் மேடம்" என்றான் வாயாடி. "எழுதினவனுக்கே தெரியாம உள்ள வந்து குந்திக்கிச்சு. அந்த ஸ்டவ் ஆஃப் பண்ற ஆள பத்தி திருப்பி எழுத சொல்லுங்க. விழாவுல படிக்க அதுக்குத்தான் என் ஓட்டு." வகுப்பு முழுவதும் கை தூக்கியது. பக்கத்தில் இருக்கிற தன் தோஸ்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அந்த வாயாடிக்குத் தெரியவே தெரியாது. நெட்டைப் பையனும் கை தூக்கினான், தூக்காவிட்டால் மாட்டிக்கொள்வானே.

மாலையில் நான் ஆட்டோவுக்கு நிற்கும்போது வந்தான். "நடந்தே வர்றீங்களா மேடம்?" என்று கேட்டான். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அவன் பேசி நான் அவ்வளவு கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் நைனா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். ஷாப்பை மூடிவிட்டார்கள். வேறு இடத்தில் கேட்டுப் பார்த்தார், வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அம்மாதான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறார். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சோறாக்குவது, பாத்திரம், துணி எல்லாம் நைனா. குடிப்பழக்கம் இல்லை. மகன்மேல் கை வைத்ததே இல்லை. ஆனால் சமைக்கும்போது தெருக்கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா வேலையில் மாட்டிக்கொள்கிற கம்பெனிக் கோட்டைத் துவைத்து, மாடியில் போடாமல் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டிக் காயவைப்பார். அக்கம்பக்கத்தில் பார்த்தால் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று பயம்.

ஒரு நாள் வாயாடியும் இன்னும் சிலரும் சொல்லாமல் கொள்ளாமல் இவன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தது நைனா. தோளில் கரித்துணி, கையில் கரண்டி. "யாருடா இது?" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் வாயில் சட்டென்று வந்தது: "எங்க மாமா. ஊர்லேர்ந்து வந்துக்கிறாரு."

"நைனா கேட்டுட்டாரு மேடம். எதிர்லயே நிக்கறாரு." நடந்துகொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணும் சொல்லல. 'வாங்கப்பா, உள்ள வாங்க'ன்னாரு. டீ போட்டு குடுத்தாரு. எம் பக்கத்துல குந்தறானே, அவன் 'உங்க நைனா இல்லியாடா'ன்னு கேட்டான். நான் முழிக்கறேன். அவரே சொல்றாரு, 'அவங்க நைனா வேலைக்கு போயிருக்காருப்பா, வர லேட்டாவும்'னு."

ரயிலைக் கோட்டை விட்டேன், பரவாயில்லை என்று நின்று கேட்டேன்.

"அதுலேர்ந்து யாரு கதவ தட்டினாலும் என்ன பாத்து கேப்பாரு மேடம். மெதுவா, வெளில கேக்காத மாதிரி. 'நான் யாருடா?'ன்னு. கோவமா இல்ல. நெசமாவே தெரிஞ்சிக்கத்தான் கேக்கறாரு. நான் சொன்னத வுட்டு எதுனா மாத்தி சொல்லிடுவோமோன்னு அவருக்கு பேஜாரு."

சில நாளில் எழுதிக்கொண்டு வந்தான். நின்ற இடத்திலேயே படித்தேன். அப்படி ஓர் எழுத்தை என் வேலைக் காலத்தில் நான் கையில் வாங்கியதில்லை. ஆனால் இதை விழாவில் படித்தால் என்ன ஆகும்? அந்தப் பையன்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அவன் தெருக்காரர்களின் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த மனிதர் காப்பாற்றி வைத்திருந்ததெல்லாம் ஒலிபெருக்கியில் போகும்.

"நைனாகிட்ட படிச்சுக் காட்டினியா?"

"இல்ல மேடம்."

"அப்போ தொடாத. இதுல பாதி அவரோடது. அவர் வேணாம்னா கிழிச்சுப் போட்டுடு, மார்க்குக்கு நான் பொறுப்பு" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வந்து நடந்ததைச் சொன்னான். நைனா பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறான். அவர் உரிப்பதை நிறுத்தவே இல்லை. முடித்ததும் கேட்டாராம்: "அந்த பசங்க வருவாங்களா?"

"வருவாங்க நைனா."

"தெருவுலேர்ந்து?"

"வருவாங்க."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்ல சட்ட எது இருக்குது பாரு, இஸ்திரி போடணும்" என்றாராம். அதைச் சொல்லிவிட்டுப் பையன் சும்மா நின்றான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

விழா அன்று மதியம் அவர்களை நான்தான் வாசலில் போய் அழைத்து வந்தேன். அம்மா பர்மிஷன் போட்டுவிட்டு நேரே கம்பெனியிலிருந்து வந்திருந்தார். கோட்டைக் கழற்றக்கூட நேரம் இல்லை, கழுத்தில் அடையாள அட்டை. நைனா வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒல்லியான மனிதர், மீசையே இல்லை. பெல்ட் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போனது. நல்ல ஆள் நான்!

நெட்டைப் பையன் மேடையேறினான். மைக் அவன் உயரத்துக்கு எட்டவில்லை, குனிந்து படித்தான். "என் நைனா என்னை அடித்ததே இல்லை" என்று தொடங்கினான். வெங்காயம் கருகும் இடத்தில் சிரித்தார்கள். ஃபேனுக்குக் கீழே காய்கிற கோட்டைச் சொன்னபோது பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் லேசாகச் சலசலத்தது. கதவு திறந்த இடம் வந்தது. "அவங்க நைனா வேலைக்கு போயிருக்காருப்பா" என்று அவன் படித்ததும் முன்வரிசையில் சிலர் திரும்பி நைனாவைத் தேடினார்கள். வாயாடியைப் பார்த்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கட்டுரை அந்தக் கேள்வியோடு முடிந்தது. கதவு தட்டப்படுகிறது, நைனா மெதுவாகக் கேட்கிறார்: "நான் யாருடா?" அதோடு தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். பிரமாதம் என்று மனசு துள்ளினாலும் உள்ளே எனக்குச் சின்னதாக ஒரு கோபம். ஏன்டா, அப்பாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாயா இல்லையா? அந்த மனிதர் சபையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதையாவது எழுதியிருக்கக் கூடாதா?

கைதட்டல் ஓய்வதற்குள் வாயாடி எழுந்து நாற்காலிகளை இடித்துக்கொண்டு நைனாவிடம் போனான். எனக்குப் பக்கென்றது. இவன் வாயை நம்ப முடியாதே!

"அந்த டீ நீங்க போட்டதா நைனா?" என்று கேட்டான். குரல் கம்மியிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேற யாரு போட்டாங்க? மாமாவா?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என்ன பிள்ளைகள் இவர்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கிளம்பும்போது அவரைத் தனியாகப் பிடித்தேன். "உங்க பையன மாதிரி எழுதறவன நான் பாத்ததில்லைங்க" என்றேன்.

"இன்னாத்த எழுதினான்" என்று அலுத்துக்கொண்டார். "முக்கியமானத வுட்டுட்டான்மா. அன்னிக்கு எனக்கு படிச்சி காட்டினான்ல, முடிச்சிட்டு என் கால புடிச்சிக்கினு அழுதான் பாருங்க, ஒரு அழுக! நான் உரிச்சி வெச்ச பூண்டெல்லாம் தரைல கெடக்குது. உங்ககிட்ட சொன்னானா?"

"இல்லியே."

"சொல்ல மாட்டான். நாந்தான் கேட்டேன், 'கால்ல விழுந்தத எழுதுடா, நாலு பேரு உன்ன நல்லவன்னு நெனைப்பாங்க'ன்னு. கேக்கலியே. 'அது உன்கிட்ட கேட்டது நைனா, அவங்ககிட்ட இல்ல'ன்னுட்டான்."

அதற்குள் அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார். புழுக்கம் தாங்காமல் கம்பெனிக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நைனா போய் அதை வாங்கித் தன் வெள்ளைச் சட்டையின் தோள்மேல் போட்டுக்கொண்டு, கடைத்தெரு வழியாகவே மனைவியோடு நடந்து போனார்.